எதையும் பறிக்காத கொள்ளை

இங்கிலாந்தில் ஒருவர் தமக்கு முன்பு வேலை கொடுத்தவரின் வீட்டுக்குள் புகுந்து, மேலங்கிக்குள் கையை நுழைத்து, விரலால் துணியைத் துப்பாக்கிக் குழல்போலத் துருத்திக் காட்டிப் பணமும் நகையும் கேட்டார். கொள்ளையடித்ததை அவர் மறுக்கவில்லை. ஆனால் அவர்மீது "போலித் துப்பாக்கி வைத்திருந்தார்" என்ற தனிக் குற்றச்சாட்டும் இருந்தது. அது அப்போது அந்நாட்டின் உச்சபட்ச மேல்முறையீட்டு மன்றமாக இருந்த பிரபுக்கள் சபை வரை சென்றது. தன் உடலின் உறுப்பு ஒருவர் "வைத்திருக்கும்" பொருளாகாது என்று 2005இல் தீர்ப்பளித்து, அந்தக் குற்றத்தீர்ப்பை மட்டும் சபை நீக்கியது. ஆயுதத்துடன் கொள்ளையடிக்க முனைவதைத் தண்டிக்கும் சட்டம் எவ்வளவு நுணுக்கமாகச் சொற்களை எடை போடுகிறது என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

இவ்வகைக் குற்றத்தின் தனித்தன்மை, கொள்ளை நிறைவேறும் முன்பே குற்றம் முழுமை பெற்றுவிடுகிறது என்பதுதான். திருட்டில் ஒரு பொருள் கைமாற வேண்டும். கொள்ளை என்பது, பொதுவாகச் சொன்னால், வன்முறையையோ உடனடி வன்முறை பற்றிய அச்சத்தையோ கருவியாகக் கொண்டு நடக்கும் திருட்டு. கொள்ளையடிக்கும் நோக்கத்துடன் செய்யப்படும் தாக்குதலிலோ பொருள் கைமாற வேண்டியதே இல்லை. கத்தி நீட்டப்பட்டவர் கூச்சலிட்டதால் நீட்டியவர் வெறுங்கையோடு ஓடிவிட்டாலும், நீட்டப்பட்டவரின் பையில் ஒரு காசும் இல்லாவிட்டாலும், குற்றம் நிகழ்ந்ததாகவே கொள்ளப்படும். இங்கிலாந்தின் 1968ஆம் ஆண்டுத் திருட்டுச் சட்டம் கொள்ளைக்கும், கொள்ளையடிக்கும் நோக்கத்துடனான தாக்குதலுக்கும் ஒரே உச்ச தண்டனையாக ஆயுள் சிறையை வைத்திருக்கிறது. "தாக்குதல்" என்பதும் அங்கு அடி விழுவதைக் குறிக்காது. உடனே அடி விழும் என்று எதிரில் இருப்பவர் எண்ணும்படி நடந்துகொண்டாலே போதும்.

இந்தியாவில் 1860ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டத்தின் 398ஆம் பிரிவு, கொடிய ஆயுதம் தாங்கிக் கொள்ளையடிக்க முயல்வோருக்கு ஏழு ஆண்டுக்குக் குறையாத சிறைத் தண்டனையை விதித்தது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் அது 312ஆம் பிரிவாக இடம்பெற்றுள்ளது. இதற்கு அண்டைப் பிரிவான பழைய 397, கொள்ளையின்போது ஆயுதத்தைப் "பயன்படுத்துவதற்கான" கூடுதல் தண்டனை பற்றிப் பேசியது. குத்தாமல் வெட்டாமல் வெறுமனே கையில் பிடித்திருப்பது பயன்படுத்துவதாகுமா? எதிரில் இருப்பவரின் கண்ணில் படும்படி கத்தியை ஏந்தி அவரை அஞ்சவைப்பதும் பயன்பாடே என்று இந்திய உச்ச நீதிமன்றம் 1975இல் விளக்கியது. அதேசமயம், ஐவர் சேர்ந்து வந்து ஒருவர் மட்டும் கத்தியைக் காட்டியிருந்தால், அந்தக் கூடுதல் தண்டனை காட்டியவரையே சேரும், மற்ற நால்வரைச் சேராது.

ஆயுதம் எது என்பதிலும் இரண்டு பார்வைகள் உண்டு. ஒன்று பொருளைப் பார்க்கிறது, மற்றொன்று எதிரில் நிற்பவரின் அச்சத்தைப் பார்க்கிறது. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலச் சட்டம், உண்மையான ஆயுதத்தோடு, ஆபத்தான ஆயுதம் என்று தாக்கப்பட்டவர் நியாயமாக நம்பும் விதத்தில் பயன்படுத்தப்பட்ட எந்தப் பொருளையும் சேர்த்துக்கொள்கிறது. தோட்டா இல்லாத துப்பாக்கி ஆபத்தான ஆயுதமா என்ற கேள்வி வங்கிக் கொள்ளை வழக்கு ஒன்றில் 1986இல் எழுந்தபோது, ஆம் என்றது அமெரிக்க உச்ச நீதிமன்றம். துப்பாக்கி என்பது இயல்பிலேயே ஆபத்தான பொருள், அதைக் காட்டினாலே சுற்றியிருப்பவர்கள் அஞ்சுவார்கள், சுடாவிட்டாலும் அதனால் மண்டையில் அடிக்கலாம் என்ற மூன்று காரணங்களை அது சொன்னது. மூன்றாவது காரணம் சற்று வலிந்து சொன்னதாக எனக்குத் தோன்றுகிறது, முதலிரண்டே போதுமானவை.

இனி நோக்கம். மனத்துக்குள் இருப்பதை எந்தக் கருவியும் காட்டாது என்பதால், செயலிலிருந்தே அதை ஊகிக்க வேண்டியிருக்கிறது. "எடு பணத்தை" என்ற சொல், பையை நோக்கி நீண்ட கை, முன்கூட்டியே அணிந்த முகமூடி, ஓட்டத்துக்குத் தயாராக இயங்கிக்கொண்டிருந்த வண்டி ஆகியவை நோக்கத்தின் தடயங்கள். அந்த நோக்கம் தாக்கிய வேளையிலேயே இருந்திருக்க வேண்டும். பழைய பகையால் ஒருவரை அடித்து வீழ்த்திய பிறகு, கீழே கிடந்த பணப்பையைப் பார்த்து ஆசைப்பட்டு எடுத்தவர் தாக்குதலுக்கும் திருட்டுக்கும் பதில் சொல்ல வேண்டியிருக்கும்; ஆனால் கொள்ளையடிக்கும் நோக்கத்துடன் தாக்கினார் என்று அவரைச் சொல்வது கடினம்.

இங்கிலாந்து மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்கு 1977இல் வந்த வழக்கு இதைவிட விசித்திரமானது. ஏழு பவுண்டு கடனைத் திரும்பக் கேட்டு ஒருவர் கத்தியோடு போனார். கைகலப்பில் எதிராளியின் பையிலிருந்து விழுந்த ஐந்து பவுண்டுத் தாளை எடுத்துக்கொண்டு, மீதி இரண்டு பவுண்டு எங்கே என்று கேட்டார். அந்தப் பணம் சட்டப்படி தமக்குரியது என்று அவர் உண்மையாகவே நம்பியிருந்தால் அங்கே நேர்மையின்மை இல்லை, நேர்மையின்மை இல்லாமல் திருட்டு இல்லை, திருட்டு இல்லாமல் கொள்ளை இல்லை என்று நீதிமன்றம் கொள்ளைத் தீர்ப்பை நீக்கியது. கத்தி காட்டியது வேறு குற்றமாகலாம், அது தனிக் கணக்கு. கடன் வசூலுக்கு இப்படி ஒரு வழியைத் திறந்துவிடக் கூடாது என்று கருதி, அமெரிக்க மாநிலங்கள் பல இந்த வாதத்தை ஏற்க மறுத்துள்ளன.

ஆயுதமும் நோக்கமும் மெய்ப்பிக்கப்பட்டாலும், செய்தவர் இவர்தானா என்ற கேள்வி மிஞ்சுகிறது. இங்கேதான் ஆயுதம் அரசுத் தரப்பின் காலையே வாருகிறது. நினைவாற்றலை ஆராயும் அமெரிக்க உளவியலாளர் எலிசபெத் லாஃப்டஸும் அவருடைய சக ஆய்வாளர்களும் 1987இல் வெளியிட்ட ஆய்வில், உணவகக் காசாளரின் முன் நிற்கும் ஒருவரைக் காட்டும் படத்தொடர் திரையிடப்பட்டது. ஒரு தொடரில் அவர் காசோலையை நீட்டுகிறார். மற்றொன்றில் துப்பாக்கியை நீட்டுகிறார். பார்த்தவர்களின் கண்ணசைவை அளந்தபோது, காசோலையைவிடத் துப்பாக்கியின்மீது பார்வை அதிக முறை, அதிக நேரம் நிலைத்தது தெரிந்தது. துப்பாக்கித் தொடரைப் பார்த்தவர்களுக்கு ஆளைப் பற்றிய நினைவும் மங்கலாகவே இருந்தது. பாதுகாப்பான ஓர் ஆய்வறையில், வெறும் படத்துக்கே இந்த நிலை.

ஆகவே கத்திப் பிடியின் நிறத்தைப் பிசகாமல் சொல்லும் ஒருவர், பிடித்திருந்தவரின் முகத்தை அடையாள அணிவகுப்பில் தவறவிடுவதில் வியப்பில்லை; அவர் பொய் சொல்கிறார் என்றும் அதற்குப் பொருளில்லை. நியூ ஜெர்சி மாநில உச்ச நீதிமன்றம் 2011இல் கண்ணால் கண்ட சாட்சிகள் பற்றிய அறிவியலை விரிவாக ஆராய்ந்து, ஆயுதம் கண்ணில் பட்டதா, எவ்வளவு நேரம் பட்டது என்பதையும் நினைவைப் பாதிக்கும் காரணிகளில் ஒன்றாக எண்ணி, அவற்றை ஜூரிகளுக்கு எடுத்துரைக்கப் புதிய அறிவுரைகளை வகுக்கச் சொன்னது.