சுவடி ஒன்று, இருப்பிடம் நான்கு

நான் வேலை பார்க்கும் நூலக மின்வளப் பிரிவுக்கு ஆய்வாளர்களிடமிருந்து அடிக்கடி வரும் கேள்வி: "இந்தச் சுவடியின் மிச்சப் பக்கங்கள் உங்களிடம் இருக்கிறதா?" பெரும்பாலும் இருக்காது. வேறு ஏதாவது நூலகத்தில் இருக்கும். பழைய சுவடிகள் கைமாறிக் கைமாறிச் சிதறியவை.

கோடெக்ஸ் சினாய்டிகஸைப் பாருங்கள். 4-ஆம் நூற்றாண்டின் கிரேக்க விவிலியப் பிரதி. 347 ஏடுகள் பிரிட்டிஷ் நூலகத்தில், 43 லைப்சிக் பல்கலைக்கழக நூலகத்தில். மற்றவை சினாய் மலையின் புனித கேத்தரின் மடத்திலும் ரஷ்ய தேசிய நூலகத்திலும் இருக்கின்றன. ஏடுகள் மடத்தை விட்டு எப்படி வெளியேறின என்பதே பழைய சர்ச்சை. அப்படியிருந்தும் 2005-இல் சுவடியை இணையத்தில் ஒன்றுசேர்க்கும் ஒப்பந்தத்தில் நான்கு இடத்தாரும் கையெழுத்திட்டார்கள். 2009-இல் எல்லாப் பக்கங்களும் ஒரே தளத்தில் வந்துவிட்டன.

ஆனால் சிதறிய ஒவ்வொரு சுவடிக்கும் தனி ஒப்பந்தம், தனித் தளம் என்று போனால் கட்டுப்படியாகாது. அதனால்தான் 2011-இல் சில நூலகங்கள் சேர்ந்து டிரிபிள்-ஐ-எஃப் (IIIF) என்ற, படங்களை இணையத்தில் பகிர்வதற்கான பொது முறையைத் தொடங்கின. இதில் படத்தின் இணைய முகவரியிலேயே எந்தப் பகுதி, என்ன அளவு, எவ்வளவு சுழற்சி என்று எழுதிவிடலாம். ஓர் எழுத்தை மட்டும் பெரிதாகக் கேட்டால் அந்தத் துண்டு மட்டும் வரும். பக்க வரிசையைச் சொல்லும் 'மேனிஃபெஸ்ட்' கோப்பு தனி. இரண்டு நூலகங்களின் மேனிஃபெஸ்ட்களை மிராடார் செயலியில் போட்டால் இரு சுவடிகளும் அக்கம்பக்கமாகத் திறக்கும். படக்கோப்பு எதுவும் இடம் மாறுவதில்லை.

படம் தெரிவது ஒன்று, நிலைப்பது வேறு. என் அனுபவத்தில், திட்ட நிதி ஸ்கேன் செய்யக் கிடைக்கும். பத்து வருடம் பராமரிக்க யாரும் தர மாட்டார்கள். திறப்பு விழாவுக்கு வந்தவர்கள் சர்வர் புதுப்பிப்புக்கு வருவதில்லை. 2023 அக்டோபரில் பிரிட்டிஷ் நூலகம் இணையத் தாக்குதலுக்கு உள்ளானபோது பல மின்சேவைகள் மாதக்கணக்கில் முடங்கின. அவ்வளவு பெரிய இடத்துக்கே அந்தக் கதி.

மின் இதழ்களுக்கு ஸ்டான்ஃபோர்டில் பிறந்த லாக்ஸ் (LOCKSS) முறை இதற்கு ஒரு பதில். ஒரே இதழின் பிரதியைப் பல நூலகங்கள் தத்தம் கணினியில் வைத்துக்கொள்ளும். அவ்வப்போது அந்தக் கணினிகள் "உன் பிரதியும் என் பிரதியும் ஒன்றுதானா?" என்று வாக்கெடுப்பு நடத்தும். பெரும்பான்மையோடு ஒத்துப்போகாத பிரதி பழுதானது என்று தெரிந்துவிடும். நல்ல பிரதியிலிருந்து சரிசெய்துகொள்ளும்.

ஆய்வாளர்களிடம் எனக்கு ஒரு சின்ன மனத்தாங்கல் உண்டு. உலாவியின் மேல்பட்டையில் தெரியும் முகவரியை அப்படியே அடிக்குறிப்பில் ஒட்டுகிறார்கள். தளம் மாறினால் அது செத்த இணைப்பு. பக்கத்தின் ஓரத்தில் 'நிலையான இணைப்பு' என்றோ டி.ஓ.ஐ. (DOI, தளம் மாறினாலும் மாறாத அடையாளக் குறி) என்றோ வேறொன்று இருக்கும், அதை எடுங்கள். கூடவே நூலகத்தின் பெயர், சுவடி எண், ஏட்டு எண், அதன் முன்புறமா பின்புறமா என்பதையும் குறியுங்கள். போன மாதம் ஒருவர் வெறும் ஸ்கிரீன்ஷாட்டை அனுப்பி மூலம் கேட்டார். மூன்று நூலகங்களுக்கு எழுதி, இரண்டாவது வாரத்தில்தான் பிடிக்க முடிந்தது.