பதினோராவது ஊர்

“ஏகப்பட்ட பேர் போய்வரும் பெரிய நகரத்துக்கு நேரடி விமானம் இல்லை. பெயரே கேள்விப்படாத ஊருக்கு மட்டும் புதிதாக விடுகிறார்களே, அதில் யார் ஏறுவார்கள்?” என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்.

இரண்டு ஊர்களுக்கிடையே எத்தனை பேர் பறப்பார்கள் என்ற அடிப்படைக் கணக்கு, பள்ளியில் படித்த நியூட்டனின் ஈர்ப்பு விதி மாதிரிதான். நிறைக்குப் பதில் மக்கள்தொகையும் வருமானமும். தூரம் கூடினால் ஈர்ப்பு குறையும். பொருளியலாளர் யான் டின்பெர்கன் 1962-இல் நாடுகளுக்கிடையிலான வணிகத்தை இதே வடிவச் சூத்திரத்தில் எழுதினார். அதன்மேல் புலம்பெயர்ந்த உறவுகள், விசா கெடுபிடி, தொழில், சுற்றுலா எல்லாவற்றையும் ஏற்றிக்கொள்ளலாம்.

சரி, பெயர் தெரியாத ஊர்? அதற்கு விடை துபாய், தோஹா போன்ற ‘ஹப்’ நிலையங்களில், அதாவது பல ஊர்க்காரர்கள் வந்து விமானம் மாறிப் போகும் மைய நிலையங்களில் இருக்கிறது. ஒரு ஹப்பிலிருந்து 10 ஊர்களுக்கு விமானம் போவதாக வைத்துக்கொள்வோம். ஹப்புடன் சேரும் ஊர் ஜோடிகள் 10. அந்தப் பத்து ஊர்க்காரர்களும் அங்கே விமானம் மாறித் தங்களுக்குள் போய்வரலாம், அது 45. இப்போது பதினோராவது ஊரைச் சேர்த்தால், விடுவது ஒரே தடம், கிடைப்பது 11 புதிய ஜோடிகள். ஏற்கெனவே 100 ஊர்கள் இருந்தால் 101! (எல்லாம் தேறாது, வந்த திசையிலேயே திரும்பிப் பறக்க யாருக்கு மனம் வரும்?) ஜோடிக்கு இரண்டு மூன்று பேர் சேர்ந்தாலே விமானம் நிரம்பிவிடும். பக்கத்து இருக்கைக்காரர் உங்கள் ஊருக்குத்தான் வருகிறார் என்று நினைத்துவிடாதீர்கள்.

ஆனால் நேரம் ஒத்துழைக்க வேண்டும். விமானங்களைக் கூட்டமாக இறக்கி, ஓரிரு மணி நேரம் விட்டு, கூட்டமாகவே கிளப்புகிறார்கள். நள்ளிரவில் அந்த நிலையங்கள் திருவிழாபோல இருப்பது இதனால்தான். இந்த அலையைத் தவறவிட்ட விமானத்துக்கு அத்தனை ஜோடிகளும் காகிதத்தோடு சரி.

அப்புறம், விமானத்தின் அளவு. 2011-இல் சேவைக்கு வந்த போயிங் 787, 2024-இல் வந்த ஏர்பஸ் ஏ321எக்ஸ்எல்ஆர் இரண்டும் குறைந்த இருக்கைகளோடு வெகுதூரம் பறப்பவை. நிரப்ப வேண்டிய இருக்கை குறைந்தால் ஹப்பின் தயவில்லாமலே நேரடித் தடம் கட்டுப்படியாகும்.

இவ்வளவும் கூடிவந்தாலும், வாசகர் சொன்ன பெரிய நகரத்துக்கு விமானம் இல்லாமல் போகலாம். எந்த நாட்டு விமானம் எத்தனை முறை வரலாம் என்பதைப் பல இடங்களில் இன்னமும் இருநாட்டு ஒப்பந்தங்கள்தான் முடிவுசெய்கின்றன. சொந்த நிறுவனத்தைக் காப்பாற்றுகிறோம் என்று வெளிநாட்டு விமானங்களின் இருக்கைகளைச் சுருக்கும் அரசுகள் அந்தச் செலவைப் பயணி தலையில் கட்டுகின்றன என்பது என் கட்சி. தடமே இல்லாததால் பயணத்தைக் கைவிட்டவர் எந்த முன்பதிவுக் கணக்கிலும் வருவதில்லை.