ரஷ்: முட்டி ஓடுவதா, போக்குக் காட்டி ஓடுவதா?

‘பஸ்ல ஒரே ரஷ்’ என்றால் நமக்குக் கூட்டம், நெரிசல். அதே சொல் அமெரிக்கக் கால்பந்து வர்ணனையில் வரும்போது, நெரிசலைப் பிளந்துகொண்டு பந்தோடு ஒருவன் ஓடுவதைக் குறிக்கும். ‘ரஷிங் யார்டு’ என்பதை ‘அவசர கெஜம்’ என்று யாராவது தமிழாக்கினால் சிரிப்புதான் வரும். என்றாலும் தவறு முழுக்க மொழிபெயர்ப்பாளர் மேல் இல்லை. சொல்லே இரண்டு முகம் உடையது.

ஆங்கில ரஷ், பழைய பிரெஞ்சின் ‘ருசே’ என்ற வினையிலிருந்து வந்தது என்பது அகராதிகள் தரும் வரலாறு. அதற்கும் மூலம் லத்தீன் ‘ரெக்கூசாரே’: மறுத்தல், ஏற்காதிருத்தல். பிரெஞ்சில் அது இரண்டாகக் கிளைத்தது. எதிரியைப் பின்னுக்குத் தள்ளுவதும் ருசே. வேட்டை நாய்க்குத் தப்ப விலங்கு திரும்பித் திரும்பி ஓடி ஏமாற்றுவதும் ருசே. முதல் கிளையில் வந்தது ரஷ். இரண்டாம் கிளையில் வந்தது, தந்திரம் என்று பொருள்படும் ‘ரூஸ்’. இந்த இரண்டாவதற்குத் தமிழில் கனகச்சிதமான சொல் இருக்கிறது: போக்குக் காட்டுதல். சிறுத்தை வனத்துறைக்குப் போக்குக் காட்டுகிறது என்று நாளிதழ்களில் படிக்கிறோமே, அதே.

மைதானத்துக்குள் சொல் நுழைந்த கதை இன்னும் வேடிக்கை. 1880-இல், அமெரிக்கக் கால்பந்தின் தந்தை எனப்படும் வால்டர் கேம்ப் ரக்பியின் மொத்தக் கும்பல் மோதலை ஒழித்து, இரு அணிகளுக்கும் நடுவே ஒரு கோடு கிழித்தார். பந்து யாரிடம் இருக்கிறதோ அந்த அணியே அங்கிருந்து ஆட்டத்தைத் தொடங்கும். அந்தக் கோட்டின் பெயரான ‘ஸ்கிரிமேஜ்’ என்பதே கைகலப்பைக் குறிக்கும் பழஞ்சொல். அக்காலத்தில் கோட்டில் நின்று மோதிய முன்வரிசை ஆட்களுக்குத்தான் ‘ரஷர்’ என்று பேர். பந்தை ஏந்தி ஓடுகிறவன் அவர்களுக்குப் பின்னால் நின்றான். அதனால் அவன் ‘பேக்’. (ரன்னிங் பேக் என்றதும் பின்பக்கமாக ஓடுகிறவன் என்று எண்ண வேண்டாம்.) பிறகு சொல் முன்வரிசையை விட்டு நழுவிப் பந்து வைத்திருப்பவன் கைக்குப் போய்விட்டது. பழைய பொருளும் சாகவில்லை. பந்தை வீசக் காத்திருக்கும் குவாட்டர்பேக்கை நோக்கித் தடுப்பணி பாய்வதற்கு இன்றும் ‘பாஸ் ரஷ்’ என்றே பெயர். ஒரே ஆட்டத்தில் அடிக்கப் போகிறவனும் ரஷ், அடியைத் தாண்டி ஓடுகிறவனும் ரஷ்!

கணக்கேட்டில் இந்தச் சொல்லுக்கு இறுக்கமான வரையறை உண்டு. கோட்டிலிருந்து தொடங்கும் ஆட்டத்தில், முன்னோக்கி வீசாமல், பந்தோடு ஓடினால்தான் ரஷ். உதைத்து வந்த பந்தைப் பிடித்து 100 கெஜம் ஓடினாலும் அது ரஷ் ஆகாது. எதிரணி வீசிய பந்தை இடைமறித்து ஓடினாலும் ஆகாது. அதே சமயம், வெற்றி உறுதியான பிறகு நேரத்தைக் கழிக்க குவாட்டர்பேக் பந்தோடு மண்டியிடுகிறாரே, அது ரஷ் கணக்கில் ஏறி, பெரும்பாலும் ஒரு கெஜம் கழியும். குவாட்டர்பேக்கை வீசுமுன் மடக்கினால் இழந்த கெஜத்தைத் தொழில்முறை லீக் வீச்சுக் கணக்கில் கழிக்கிறது. கல்லூரி ஆட்டமோ ரஷ் கணக்கில் கழிக்கிறது. இதில் எது சரி என்று என்னைக் கேட்டால், லீக் பக்கமே நிற்பேன். வீசப் போனவனை ஓடினான் என்று எழுதுவது என்ன நியாயம்?

‘தொழில்முறை ஆட்டத்தில் மிகச் சிறந்த ரஷ் எது?’ என்று ரசிகர்கள் மல்லுக்கு நிற்பதும் இந்த வரையறைக்குள்தான். அந்த வாக்குவாதத்தைக் கூர்ந்து கேட்டால், ருசேயின் இரண்டு கிளைகளும் இன்னும் சண்டை போட்டுக்கொண்டிருப்பது தெரியும்.

தள்ளும் கட்சிக்குத் தலைவர் சியாட்டில் அணியின் மார்ஷான் லிஞ்ச். 2011 ஜனவரி 8, சியாட்டில். முந்தைய ஆண்டின் வாகையரான நியூ ஆர்லியன்ஸுக்கு எதிராக சியாட்டில் 34–30 என முன்னிலையில் இருக்கிறது. நான்கு நிமிடத்துக்கும் குறைவாகவே பாக்கி. சொந்தப் பக்கத்து 33 கெஜக் கோட்டில் லிஞ்ச் பந்தை வாங்கி நடுவே நுழைகிறார். ஒருவர் இடுப்பைப் பிடிக்கிறார், வழுகுகிறது. காலைப் பிடிக்கிறார்கள், உதறுகிறார். எதிரணியின் டிரேசி போர்ட்டர் பக்கத்தில் ஓடிவந்து எட்டும்போது, லிஞ்ச் ஒரு கையால் அவர் நெஞ்சில் கொடுத்த தள்ளில் மனிதர் நிலைகுலைந்து சில கெஜம் தள்ளிப் போய் விழுகிறார். கிட்டத்தட்ட ஒன்பது பேரின் பிடியை உடைத்து, 67 கெஜம் ஓடி, எல்லைக்குள் முதுகைக் காட்டிக்கொண்டு தாவி விழுந்தார். கூட்டம் குதித்த குதியில், பக்கத்தில் இருந்த நிலநடுக்கப் பதிவுக் கருவியில் அதிர்வு பதிவானது. அதனால்தான் அந்த ஓட்டத்துக்கு ‘பீஸ்ட் குவேக்’ என்ற பெயர். மிருக நடுக்கம் எனலாம். ஆட்டம் 41–36 என முடிந்தது.

இதே போர்ட்டர்தான் 11 மாதங்களுக்கு முன் லீக்கின் இறுதிப் போட்டியான சூப்பர் பவுலில் பெய்டன் மானிங் வீசிய பந்தை மறித்து 74 கெஜம் ஓடி ஆட்டத்தை முடித்தவர். அந்த 74 ரஷ் இல்லை என்பதை மேலே சொன்ன வரையறையோடு பொருத்திப் பாருங்கள்.

ரஷ் ஆன 74 ஒன்று உண்டு. போக்குக் காட்டும் கட்சியின் கொடி அதுதான். 1984 ஜனவரி 22, டாம்பா நகரில் 18-ஆம் சூப்பர் பவுல். மூன்றாம் கால்பகுதியின் கடைசி நகர்வு. ரெய்டர்ஸ் வீரர் மார்கஸ் ஆலன் இடப்பக்கம் ஓடுகிறார். அங்கே வழி அடைபட்டிருக்கிறது. நம் ஊர்க் கபடியில் பாடிப் போனவன் மூலையில் சிக்கினால் என்ன செய்வான்? ஆலனும் அப்படியே வந்த வழியே அரைவட்டமாகத் திரும்பி, தன் கோட்டுக்கே பின்னால் போய், நடுவில் தெரிந்த சந்தில் புகுந்தார். அதன் பிறகு யார் கையும் அவர் மேல் சரியாகப் படவில்லை. ‘ஏற்கெனவே 28–9 என்று முடிந்துபோன ஆட்டம்’ என்று லிஞ்ச் கட்சிக்காரர்கள் மட்டம் தட்டுவார்கள். நியாயமான வாதம்தான். ஆனால் வேட்டை நாய்களை ஏமாற்றிய அந்தப் பழைய பிரெஞ்சு மானை ஆலனிடம் பார்க்கலாம்.

ஆட்டத்தின் நெருக்கடியை வைத்து எடைபோடுகிறவர்கள் ஜான் ரிக்கின்ஸைச் சொல்வார்கள். 1983 ஜனவரி 30, 17-ஆம் சூப்பர் பவுல், வாஷிங்டன் 13–17 எனப் பின்தங்கிய நிலை. 10 கெஜம் முன்னேற அணிக்குக் கிடைக்கும் நான்கு வாய்ப்புகளில் நான்காவது, அதாவது கடைசி வாய்ப்பு. தேவை ஒரே கெஜம். கிடைத்தது 43. மயாமியின் டான் மெக்நீல் சட்டையைப் பிடித்தும் நிறுத்த முடியவில்லை.

நீளம்தான் அளவுகோல் என்றால் பேச்சுக்கே இடமில்லை. அதே மாதம் 3-ஆம் தேதி டல்லஸின் டோனி டார்செட் மினசோட்டாவுக்கு எதிராக ஓடிய 99 கெஜத்தை யாரும் தாண்டவே முடியாது. கணக்குப்படி அதற்கு மேல் மைதானத்தில் இடமில்லை. அந்த ஓட்டத்தின்போது டல்லஸ் 11 பேருக்குப் பதில் 10 பேரோடு நின்றது! ஒருவர் குழப்பத்தில் வெளியே போயிருந்தார். டல்லஸ் தோற்றது தனிக்கதை. 2018-இல் டெரிக் ஹென்றி ஜாக்சன்வில் அணிக்கு எதிராக அந்த 99-ஐச் சமன் செய்தார். வழியில் வந்தவர்களைக் கையால் ஒதுக்கி ஒதுக்கி ஓடியதால் அவரையும் தள்ளும் கட்சியில் சேர்த்துவிடலாம்.

சரி, இதற்குத் தமிழ்ச்சொல் எது? ‘ஓட்டம்’ என்று வைத்தால் கிரிக்கெட் ரன்னோடு மோதும். ‘67 ஓட்டம்’ என்று எழுதினால் ரசிகர் மட்டையைத் தேடுவார். ‘விரைவு’ வேகத்தை மட்டும் சொல்கிறது. ரிக்கின்ஸ் ஒன்றும் வேகத்துக்குப் பேர்போனவர் இல்லை. ‘பந்தேந்தல்’ கையில் இருப்பதைச் சொல்கிறது, காலில் இருப்பதைச் சொல்லவில்லை.

என் தேர்வு ‘பாய்ச்சல்’. ஜல்லிக்கட்டுக் காளையின் பாய்ச்சலில் முட்டலும் உண்டு, கொம்பைத் திருப்பிச் சட்டென்று விலகும் வளைவும் உண்டு. குதிரையைப் ‘பாய்மா’ என்ற பழந்தமிழும் கூடவே நிற்கும். ரஷிங் யார்டு ‘பாய்ச்சல் கெஜம்’ ஆகட்டும். பாஸ் ரஷுக்கு அதே சொல்லைத் தராமல் ‘நெருக்கல்’ என்று பிரித்துவிட்டால், ஆங்கிலத்தில் இருக்கிற குழப்பம் நமக்கு வராது. ஸ்கிரிமேஜ் கோடு, ‘மோதல் கோடு’. பந்தோடு எல்லைக்குள் நுழைவதான டச் டவுனை அப்படியே விட்டுவிடலாம், அது பழகிவிட்டது.

எழுதிப் பார்த்தால்: லிஞ்ச், அன்றைய ஆட்டம், 19 பாய்ச்சல், 131 கெஜம், 1 டச் டவுன்.