முதல் மழைக்கு முந்தியே கானைப் பாருங்கள்

"ஐயா, ஆரோ குளத்துக்கு மருந்து போட்டிட்டாங்கள், மீனெல்லாம் மிதக்குது."

தண்ணீர்ப் பரிசோதனை வேலையில் இருக்கிற எனக்கு இந்த முறைப்பாடு புதிதல்ல. ஐப்பசியில் முதல் பெருமழை பெய்து விடிந்த காலையில்தான் அநேகமாக வரும். மருந்து போட ஆள் தேவையில்லை, நகரமே போட்டிருக்கும்.

வன்னியில் மழையின் பெரும்பகுதியும் ஐப்பசிக்கும் மார்கழிக்கும் இடையில்தான். மற்ற மாதங்களில் கராஜ் ஒயில், சாப்பாட்டுக்கடை கழுவின தண்ணீர், சாப்பாடு சுற்றின லஞ்ச்சீற், மாட்டுச்சாணம் எல்லாம் தெருவோர வடிகாலான கானுக்குள் விழுந்து காய்ந்து கிடக்கும். முதல் மழை அதை அப்படியே வழித்துக்கொண்டு குளத்துக்கும் ஆற்றுக்கும் போகிறது. அந்த முதல் அரை மணி நேரத்துத் தண்ணீரைப் போத்தலில் பிடித்தால் பிளேன்ரீ நிறம், மேலே வானவில் மாதிரி ஒயில் படலம். இரண்டு மூன்று நாள் விடாமல் பெய்த பிறகு பிடித்தால் வெறும் கலங்கல்.

அந்த அழுக்கைத் தின்னும் பக்டீரியா தண்ணீரிலுள்ள ஒட்சிசனை உறிஞ்சிவிடும். இரவில் பாசியும் சேர்ந்து சுவாசிக்கும். ஒட்சிசன் லீற்றருக்கு 2 மில்லிகிராமுக்குக் கீழே இறங்கினால் பெரும்பாலான மீன்கள் தாங்காது. விடியப்புறம்தான் அளவு ஆகக் குறைவு. மத்தியானம் வந்து அளந்துவிட்டு "எல்லாம் சரி" என்று எழுதிப் போகிறவர்களை நானும் கண்டிருக்கிறேன். வெயிலில் பாசி ஒட்சிசனை விடும் நேரம் அது, சரியாகத்தானே காட்டும்!

வன்னியில் ஓடும் கனகராயன் ஆற்றை நாங்கள் வயலோடும் இரணைமடுக் குளத்தோடும் மட்டும்தான் சேர்த்துப் பேசுகிறோம். 1902இல் அந்தக் குளத்தைக் கட்டத் தொடங்கினது நெல்லுக்காக. இன்றைக்குக் கிளிநொச்சியில் நகரமும் வளர்ந்துவிட்டது, அதன் அழுக்கையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஆறு போய் விழுவது சுண்டிக்குளம் கடனீரேரியில், வலசைப் பறவைகள் வந்து இறங்கும் இடத்தில்.

ஆகவே புரட்டாதியிலேயே கானைத் துப்புரவாக்குங்கள். கராஜ்காரர் பழைய ஒயிலைப் பீப்பாயில் சேர்த்து, வாங்குகிறவருக்குக் கொடுக்கலாம். மலக்குழி இறைக்கும் பவுசர் எங்கே கொண்டுபோய் ஊற்றுகிறது என்று காசு கொடுக்க முதல் கேளுங்கள். கரையில் நிற்கும் மருத மரத்திலும் புல்லிலும் கைவைக்க வேண்டாம், வருகிற மண்ணை மறிப்பது அவைதான்.

கானில் அள்ளின சேற்றை அதே கான் கரையில் குவித்துவிட்டுப் போவதுதான் வழமை. அதை அன்றைக்கே ஏற்றி அப்புறப்படுத்தாவிட்டால், துப்புரவாக்கின கூலி வீண். அடுத்த மழையோடு சேறு திரும்பக் கானுக்குள்தான்.