செடிமென்ட்: வண்டலா, மண்டியா, படிவா?

சுரங்கக் கழிவு அணை உடைந்தால் அடுத்து வருகிற செய்தி ‘செடிமென்ட் சோதனை’, அதாவது நீரடியில் தங்கியதை அள்ளிச் சோதிப்பது. அதைச் சிலர் ‘வண்டல் சோதனை’ என்று எழுதும்போது ராமநாதபுரத்துக்காரனான எனக்கு உறுத்துகிறது. எங்கள் பக்கம் வண்டல் என்றால் கோடையில் கண்மாயில் வெட்டி வயலுக்கு அடிக்கிற மண். உரத்துக்குச் சமம். நச்சுச் சேற்றுக்கு அந்தப் பெயரா?

வண்டலுக்கு இன்னொரு பழைய பொருளும் உண்டு: சிறுமிகளின் மணல் விளையாட்டு. மணலில் செய்த பாவை வண்டற்பாவை. அதைக் கடல் கொண்டுபோக, கோபத்தில் நுண்பொடியை வாரிப்போட்டுக் கடலையே தூர்க்கப் பார்க்கிறாள் ஐங்குறுநூற்றுப் பெண் ஒருத்தி. கடலடியில் பொடி சேர்வதைப் பற்றி இதைவிட அழகாக யார் சொல்ல!

சரி, செடிமென்டுக்கு வருவோம். ‘உட்கார்தல்’ என்று பொருள்படும் லத்தீன் வினை ‘செடேரே’தான் வேர். நீர் ஓய்ந்ததும் அடியில் போய் உட்காருவது. தமிழில் படிதலும் அதுவே, ஆகவே படிவு. அடியில் தங்கும் கசடு என்ற பொருளில் மண்டியும் பொருந்தும்தான், ஆனால் கீழக்கரையில் மண்டி என்றால் வாழைக்காய் மண்டிக்கு வழி காட்டுவார்கள்.

மண்ணியலில் வண்டல் என்பது மணலுக்கும் களிக்கும் இடைப்பட்ட துகள். படிவில் மூன்றுமே இருக்கும். இந்த வேறுபாடு சோதனையில் பெரிய விஷயம். ஈயம், ஆர்செனிக் போன்றவை நுண்துகளில்தான் அதிகம் ஒட்டும், அதற்குத்தான் பரப்பு அதிகம். அதனால் 63 மைக்ரான் சல்லடையில் சலித்து, நுண்பகுதியை மட்டும் அளப்பதுண்டு. சலித்ததா, சலிக்காததா என்று சொல்லாத எண்ணை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. எங்கள் மண்டபம் ஊரில் தெற்கே ஆண் கடலின் (மன்னார் வளைகுடா) பவளமணலையும் வடக்கே பெண் கடலின் (பாக் விரிகுடா) சேற்றையும் அள்ளிவந்து, சேற்றில் உலோகம் கூடுதல், ஆகவே மாசு என்றால் எப்படி? துகள் அளவே அந்த வித்தியாசத்தைக் காட்டிவிடும்.

2015 நவம்பர் 5 அன்று பிரேசிலின் மரியானா அருகே இரும்புச் சுரங்க அணை உடைந்தது. 19 பேர் இறந்தார்கள். சேறு டோசே ஆற்றோடு 600 கிலோமீட்டருக்கு மேல் ஓடி அட்லாண்டிக்கில் கலந்தது. அந்த மண்ணில் இயல்பாகவே இரும்பு அதிகம். அணையிலிருந்து வந்தது எது, முன்பே கிடந்தது எது என்று பிரிக்கக் குழாய் இறக்கி, அடுக்குக் கலையாமல் படிவை எடுக்க வேண்டும். ஆழத்து அடுக்குப் பழைய கணக்கு, மேலடுக்குப் புதுசு.

அப்புறம் ‘டெய்லிங்ஸ்’. தாதுவைப் பிரித்தபின் மிஞ்சும் பொடியும் நீரும் கலந்த குழம்பு. அதற்குக் கழிவுச்சேறு போதும். அது ஆற்றில் போய்த் தங்கிய பிறகுதான் படிவு.