பேமென்ட் கேட்வே: ‘கட்டண நுழைவாயில்’ சரிதானா?

இணையக் கடை தொடங்குகிறவர் பொருட்களைப் பட்டியலிட்டு, விலை குறித்து, அனுப்பும் ஏற்பாட்டையும் முடித்த பிறகு வந்து நிற்கும் இடம் ‘பேமென்ட் கேட்வே’. வாடிக்கையாளரின் பணம் கடைக்காரரின் கணக்குக்கு வந்து சேர வழிசெய்யும் இணைப்பு அது. தமிழில் இதற்குக் ‘கட்டண நுழைவாயில்’ என்ற மொழிபெயர்ப்பு பரவலாகப் புழங்குகிறது. அந்தத் தொடரின் இரண்டு பாதிகளுமே எனக்கு உடன்பாடில்லை.

முதல் பாதியைப் பார்ப்போம். பஸ் கட்டணம், தேர்வுக் கட்டணம், மின் கட்டணம் என்கிறோம். ஒரு சேவைக்கோ அனுமதிக்கோ வசூலிக்கும் தொகைதான் கட்டணம். சட்டைக்கும் புத்தகத்துக்கும் கொடுப்பது விலை. ‘கட்டண நுழைவாயில்’ என்றால், உள்ளே நுழையக் காசு கேட்கும் வாயில் என்றே காதில் விழுகிறது. நடைமுறைக் குழப்பமும் உண்டு. கேட்வே நிறுவனம் ஒவ்வொரு பரிவர்த்தனைக்கும் கடைக்காரரிடம் ஒரு தொகையைப் பிடித்துக்கொள்கிறது. உண்மையில் கட்டணம் என்று சொல்லத்தக்கது அதுதான். வாடிக்கையாளர் தரும் விலையும் நிறுவனம் பிடிக்கும் தொகையும் ஒரே பெயரில் வந்தால், ஒப்பந்தத்தைப் படிப்பவர் எதை எதுவென்று புரிந்துகொள்வார்?

‘நுழைவாயில்’ உள்ளே போவதை மட்டும் சொல்கிறது. கேட்வேயின் வேலையோ பாதிக்கு மேல் திரும்பி வருவதில் இருக்கிறது. வாடிக்கையாளர் அட்டை எண்ணைத் தட்டியதும், கேட்வே அதைப் பிறர் படிக்க முடியாதபடி மறையாக்கம் செய்து கடைக்காரரின் வங்கித் தரப்புக்கு அனுப்புகிறது. அங்கிருந்து அது விசா, மாஸ்டர்கார்டு போன்ற வலையமைப்பு வழியாக அட்டையை வழங்கிய வங்கிக்குப் போகிறது. அந்த வங்கி ‘சரி’ என்றோ ‘முடியாது’ என்றோ சொல்லும் பதில் வந்த வழியே திரும்புகிறது. அட்டைப் பரிமாற்றங்களுக்கான ஐஎஸ்ஓ 8583 தரத்தின்படி அந்தப் பதில் ஓர் எண். கணக்கில் போதிய பணம் இல்லையென்றால் 51. வங்கி காரணம் சொல்லாமல் மறுத்தால் 05. இத்தனையும் சில நொடிகளில் முடிந்துவிடும். ஆனால் இதுவரை பணம் நகரவில்லை, பேச்சுதான் நடந்திருக்கிறது. பணம் பின்னால், கணக்குத் தீர்க்கும்போதுதான் வங்கிக்கு வங்கி கைமாறுகிறது.

இனி ஆங்கிலச் சொல்லின் பிறப்பு. ‘பே’ என்பது இலத்தீனின் ‘பாகாரே’ என்னும் வினையிலிருந்து பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. அமைதிப்படுத்துதல் என்பது அதன் பொருள். அமைதியைக் குறிக்கும் ‘பாக்ஸ்’ அதன் வேர். கடன் கொடுத்தவரின் மனம் ஆறும்படி செய்வதே முதலில் ‘பே’யாக இருந்திருக்கிறது. ‘கேட்வே’ வாயிற்கதவு உள்ள வழியைக் குறித்த சொல். அதைக் கணினி உலகில் நிலைக்கச் செய்தவர்களில் முக்கியமானவர்கள் கணினி அறிஞர்களான விண்ட் செர்ஃப், ராபர்ட் கான் இருவரும். 1974இல் வெளியிட்ட கட்டுரையில், வெவ்வேறு விதிகளைப் பின்பற்றும் இரண்டு வலையமைப்புகளுக்கு நடுவே நின்று, ஒன்றின் செய்தியை மற்றதற்கு ஏற்றபடி கட்டிக் கொடுக்கும் கணினியைக் ‘கேட்வே’ என்று அழைத்தார்கள். 1990களில் இணையக் கடைகள் வந்தபோது, வலைத்தளத்துக்கும் வங்கிகளின் வலையமைப்புக்கும் நடுவே நின்ற சேவைக்கும் அதே பெயர் பொருந்திப்போனது. ஆக, இந்தச் சொல்லின் உயிர் இரண்டு தரப்புக்கு நடுவே நின்று பேச்சைக் கொண்டுபோய்க் கொண்டுவருவதில் இருக்கிறது.

இந்தப் பொருள் தமிழுக்குப் புதியதே அல்ல. ‘இல்வாய்’ என்பது முன்பின்னாக மாறி ‘வாயில்’ ஆனது. இலக்கணப் போலிக்குப் பள்ளிக்கூடத்தில் சொல்லித்தரும் எடுத்துக்காட்டு. வீட்டின் வாய் என்பது நேர்ப்பொருள். ஆனால் தொல்காப்பியத்தின் கற்பியல் ‘வாயில்கள்’ என்று சொல்வது கதவுகளை அல்ல, மனிதர்களை. தோழி, தாய், பாணன், பாங்கன், விறலி, விருந்தினர் என்று பன்னிருவரை அது வாயில்களாக எண்ணுகிறது. தலைவனுக்கும் தலைவிக்கும் இடையே சொல்லை எடுத்துச் செல்பவர்கள் இவர்கள். தலைவனின் தூதைத் தலைவி ஏற்றால் ‘வாயில் நேர்தல்’, ஏற்காவிட்டால் ‘வாயில் மறுத்தல்’ என்று அகத்துறைகளே உண்டு. அட்டை வழங்கிய வங்கி சொல்லும் ஏற்புக்கும் மறுப்புக்கும் இதைவிடப் பொருத்தமான சொற்கள் எங்கே கிடைக்கும்? அந்தப் பொருள் இன்றும் மறையவில்லை. ‘வங்கி வாயிலாகப் பணம் அனுப்பினார்’ என்று நாளிதழ் எழுதும்போது, அந்த ‘வாயில்’ கதவைக் குறிப்பதில்லை.

சட்டமும் இந்தப் பக்கம்தான் நிற்கிறது. இந்திய ரிசர்வ் வங்கி 2020 மார்ச்சில் வெளியிட்ட வழிகாட்டுதல்கள், கேட்வேயையும் ‘அக்ரிகேட்டர்’ எனப்படும் சேவையையும் தனித்தனியே வரையறுத்தன. பல வணிகர்களுக்கான பணத்தைத் தான் வாங்கி, சேர்த்துவைத்து, பிறகு அவர்களுக்குப் பிரித்துக் கொடுப்பது அக்ரிகேட்டர். பணத்தைத் தொடாமல் தொழில்நுட்ப வழியை மட்டும் அமைத்துக்கொடுப்பது கேட்வே. பணத்தைக் கையாளும் அக்ரிகேட்டர் ஒரு வங்கியாக இல்லாவிட்டால், அதற்கு ரிசர்வ் வங்கியின் அனுமதி வேண்டும் என்பது விதி. கடைக்காரருக்கு இது வெறும் சொல்லாராய்ச்சி அல்ல. தன் பணம் இடையில் யார் கணக்கில், எத்தனை நாள் நிற்கும் என்ற கேள்விக்கான விடை இந்த வேறுபாட்டில் இருக்கிறது. அக்ரிகேட்டரைத் தமிழில் ‘பணத்திரட்டி’ எனலாம்.

வளர்ந்துவரும் சந்தைகளில் கடை போடும்போது இந்தச் சொல்லின் பொருள் இன்னும் விரிகிறது. அட்டையை மட்டும் மனத்தில் வைத்து உருவான கேட்வே அங்கே பல வாடிக்கையாளர்களை வெளியிலேயே நிறுத்திவிடும். கென்யாவில் 2007இல் தொடங்கிய எம்-பெசா என்னும் கைபேசிப் பணச் சேவைக்கு அட்டையே தேவையில்லை. வாடிக்கையாளர் கடையின் பக்கத்தில் தன் கைபேசி எண்ணைக் கொடுக்கிறார். அவருடைய கைபேசித் திரையில் கடையின் பெயரும் தொகையும் தானாக எழுகின்றன. அவர் ரகசிய எண்ணைத் தட்டியதும் முடிவு கடையின் சர்வருக்குத் தனிச் செய்தியாக வருகிறது. கடைகளின் மென்பொருளை எம்-பெசாவோடு இணைக்கும் சேவைக்கு, எம்-பெசாவை நடத்தும் சஃபாரிகாம் நிறுவனம் வைத்திருக்கும் பெயர் ‘தராஜா’. சுவாஹிலி மொழியில் பாலம் என்று பொருள். தம் மொழியின் சொல்லை எடுத்துப் பெயர் வைத்திருக்கிறார்கள். பார்க்க மகிழ்ச்சியாக இருக்கிறது.

பிரேசிலின் ‘போலேட்டோ’ வேறு வகை. கடை ஒரு பட்டைக்குறிச் சீட்டைத் தருகிறது. வாடிக்கையாளர் அதை வங்கியிலோ லாட்டரிக் கடையிலோ காட்டிப் பணம் கட்டுகிறார். அந்தச் செய்தி கடைக்கு வர ஓரிரு வேலை நாட்கள்கூட ஆகலாம். மெக்சிகோவில் ஆக்ஸோ சில்லறைக் கடைகளில் இதேபோல ரொக்கமாகக் கட்டும் வழி இருக்கிறது. பிரேசில் மத்திய வங்கி 2020 நவம்பரில் கொண்டுவந்த பிக்ஸிலும், இந்தியாவில் 2016இல் வந்த யுபிஐயிலும் பணம் நொடிகளில் கணக்கிலிருந்து கணக்குக்குப் போய்விடுகிறது. இப்படி ஒரே கடைக்குப் பல வாயில்கள் தேவைப்படுகின்றன. அவற்றில் ஒன்று நொடியில் பதில் கொண்டுவரும், இன்னொன்று நாட்கணக்கில் கொண்டுவரும்.

எனவே என் பரிந்துரை ‘செலுத்துவாயில்’. ‘செல்’ என்ற தன்வினையின் பிறவினை ‘செலுத்து’, செல்லும்படி செய்வது. ‘செலவு’, ‘செல்லுபடி’ ஆகியவையும் அதே வேரில் பிறந்தவை. வரி செலுத்துகிறோம், தவணை செலுத்துகிறோம். விலைக்கும் அது இயல்பாகப் பொருந்தும். ‘பணவாயில்’ என்பதும் காதுக்கு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் பணத்தை வைத்திருப்பது அந்த வாயில்தான் என்று அது எண்ண வைத்துவிடும். பேச்சில் ‘பேமென்ட் கேட்வே’ என்பதே நிலைத்துவிட்டது; அதில் எனக்கு வருத்தமில்லை. தமிழில் எழுதும் கையேட்டிலும் கடையின் திரையிலும் செலுத்துவாயில் வந்தால் போதும்.

திரை என்றதும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பல கடைகள் எதற்கெடுத்தாலும் ‘பணம் செலுத்துதல் தோல்வி’ என்ற ஒரே வரியைக் காட்டுகின்றன. வங்கி மறுத்திருந்தால் ‘வங்கி மறுத்துவிட்டது, பணம் எடுக்கப்படவில்லை’ என்று எழுத வேண்டும். போலேட்டோ, ஆக்ஸோ போன்ற சீட்டு வழிகளில் ‘நிலுவையில் உள்ளது’ என்ற சொல்லும், எந்த நாளுக்குள் கட்ட வேண்டும் என்ற தேதியும் வேண்டும். மூன்றாவது நிலைதான் ஆபத்தானது. வங்கி பணத்தை எடுத்துவிட்டது, பதில் மட்டும் வழியில் தொலைந்துவிட்டது. அங்கே ‘தோல்வி’ என்று போட்டால் வாடிக்கையாளர் மறுபடியும் பணம் கட்டுவார். ஒரே பொருளுக்கு இரண்டு முறை பணம் போய்விடும். அந்தத் திரைக்கு உரிய வாசகம்: ‘வங்கியின் பதில் இன்னும் வரவில்லை. மீண்டும் செலுத்த வேண்டாம்.’