நிலாப் பயணமும் கொதித்துத் தீரும் எரிபொருளும்

ஏர்வாடி, வாலிநோக்கம் கடற்கரைப் பக்கத்து வாசகர்களிடமிருந்து இரண்டு கேள்விகள் சேர்ந்தே வருகின்றன. குலசேகரப்பட்டினத்தில் ராக்கெட் தளம் கட்டுகிறார்களே, அங்கிருந்து நிலாவுக்கு ஆள் போவாரா? 1969-லேயே போய்வந்த இடத்துக்கு மறுபடி போக ஏன் இத்தனை காசு, இத்தனை வருடம்?

முதல் கேள்விக்குச் சட்டென்று பதில் சொல்லிவிடலாம்: போகமாட்டார். குலசை தளம் எஸ்எஸ்எல்வி என்ற சின்ன ராக்கெட்டுக்கானது. அது சுமார் 500 கிலோவை 500 கி.மீ. உயரத்துக்குத் தூக்கும், அவ்வளவுதான். ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து, பூமியின் இரு துருவங்களுக்கு மேலாகச் சுற்றும் துருவப் பாதைக்கு ஏவினால் இலங்கையைத் தவிர்க்க வளைந்து போகவேண்டும். குலசையிலிருந்து நேரே தெற்கே போகலாம். லாபம் அதில்தான்.

இரண்டாவது கேள்விக்குத்தான் சுவையான பதில் இருக்கிறது. 1966-ல் அமெரிக்க அரசு செலவழித்த ஒவ்வொரு 100 டாலரிலும் 4 டாலருக்கு மேல் நாசாவுக்குப் போனது. இப்போது அரை டாலர்கூடப் போவதில்லை. ஆசை மட்டும் பெருகிவிட்டது. அப்போலோ 17-ல் இறங்கிய இருவர் தங்கியது மூன்று நாள் சொச்சம். நாசாவின் இப்போதைய நிலாத் திட்டமான ஆர்ட்டெமிஸோ நிலாவின் தென்துருவத்தில் இறங்கவேண்டும், திரும்பத் திரும்பப் போகவேண்டும், வாரக்கணக்கில் தங்கவேண்டும் என்கிறது. 2012 முதல் 2025 வரை அதற்கு 9,300 கோடி டாலர் ஆகும் என்று நாசாவின் தலைமைத் தணிக்கையாளர் கணக்குப் போட்டார். இந்தியாவும் 2040-க்குள் ஒருவரை நிலாவில் இறக்குவது என்று இலக்கு வைத்திருக்கிறது.

கூடுதல் நாள் தங்க கூடுதல் எடை வேண்டும்; எடை கூடினால் எரிபொருள் கூடும். அப்போலோ இறங்குகலம் ஹைட்ரசீன் வகை எரிபொருளையும் நைட்ரஜன் டெட்ராக்சைடையும் வைத்து ஓடியது. சாதாரண வெப்பத்திலேயே இரண்டும் திரவம், ஒன்றோடொன்று பட்டாலே பற்றிக்கொள்ளும். நம் சந்திரயானின் இறங்குகலமான விக்ரமும் இதே இனம்தான். நம்பகமானவை, ஆனால் வலு குறைவு. பெரிய கலத்துக்கு ஆக்சிஜனோடு மீத்தேனோ ஹைட்ரஜனோ தேவை. ஆக்சிஜன் மைனஸ் 183 டிகிரியிலும், மீத்தேன் மைனஸ் 162-லும், ஹைட்ரஜன் மைனஸ் 253-லும் கொதிக்கும்.

பாம்பன் விசைப்படகுக்காரர்களுக்கு இந்தச் சிக்கலை விளக்கத் தேவையில்லை: கரையில் நிரப்பிய ஐஸ், மீன் பட்டாலும் படாவிட்டாலும் கரைந்துகொண்டேதான் இருக்கும். விண்ணில் வெயில் பட்ட ஒவ்வொரு சதுர மீட்டரிலும் சுமார் 1,360 வாட் விழுகிறது. பளபளக்கும் மென்படலங்களைப் பல அடுக்காகச் சுற்றி, இடையில் வலை வைத்து, பெரும்பகுதியைத் திருப்பி விடலாம். மிச்சம், தொட்டியைத் தாங்கும் கால்கள் வழியாகவும் குழாய்கள் வழியாகவும் உள்ளே கசியும். ஒரே ஒரு கிலோவாட் கசிந்தால் போதும்: ஒரு நாளில் ஏறத்தாழ 400 கிலோ ஆக்சிஜனோ, 170 கிலோ மீத்தேனோ ஆவியாகிவிடும்.

ஆர்ட்டெமிஸ் வீரர்களை நிலாவில் இறக்க ஸ்பேஸ்எக்ஸ் நிறுவனம் உருவாக்கும் ஸ்டார்ஷிப் கலம், பூமியைச் சுற்றும் பாதையை எட்டும்போதே தொட்டி கிட்டத்தட்டக் காலி. எரிபொருள் சுமந்த டேங்கர் கலங்கள் பத்துக்கும் மேல் போய் அதை நிரப்பவேண்டும் என்பது கணக்கு. ஒரு டேங்கர் தாமதமானால், ஏற்கெனவே சேர்த்துவைத்தது கொதித்துப் போகும். அதை ஈடுகட்ட இன்னொரு டேங்கர்.

ஊற்றுவதும் லேசுப்பட்ட வேலையில்லை. எடையற்ற நிலையில் திரவம் அடியில் தேங்காது. சுவரில் ஒட்டிக்கொள்ளும், வாயு நடுவே திரியும். வாயுவை வெளியேற்றத் திறந்தால் திரவம் பீய்ச்சும். திரவத்தை உறிஞ்சினால் வாயு வரும். அதனால் முதலில் சிறு எந்திரத்தை மெல்ல இயக்கி, புவியீர்ப்பில் மிகச் சிறு பங்கு அளவுக்காவது முடுக்கம் கொடுத்து, திரவத்தை ஒரு பக்கம் ஒதுக்கவேண்டும். பிறகு கொஞ்சமாக அனுப்பிக் குழாயையும் வாங்கும் தொட்டியையும் குளிரவைக்கவேண்டும். சூடான தொட்டியில் மளமளவென்று ஊற்றினால் அத்தனையும் ஆவியாகி அழுத்தம் எகிறும். கடைசியில்தான் அழுத்த வேறுபாட்டை வைத்துத் தள்ளுவது. 2024 மார்ச்சில் ஒரே ஸ்டார்ஷிப்பின் இரண்டு தொட்டிகளுக்கிடையே இதை முயன்று பார்த்தார்கள்.

ஒரு வால்வு பிசகினால் என்ன ஆகும் என்பதை நாமும் பட்டறிந்தோம். 2021 ஆகஸ்ட் 12 அன்று இஸ்ரோவின் ஜிஎஸ்எல்வி எஃப்10 ராக்கெட்டில், ஹைட்ரஜன் தொட்டியின் வாயுப்போக்கு வால்வில் மென்மையான அடைப்பான் சேதமாகி வாயு கசிந்தது. தொட்டியில் அழுத்தம் இறங்கியது, கடுங்குளிர்த் திரவங்களில் ஓடும் கிரையோஜெனிக் எந்திரம் பற்றவில்லை, இஓஎஸ்-03 செயற்கைக்கோள் போயிற்று.

ஆவியாகாமல் தடுக்கக் குளிர்விப்பான் வைக்கலாம். ஆனால் ஹைட்ரஜனின் குளிரில் 1 வாட் வெப்பத்தை வெளியே எடுக்க, குறையே இல்லாத எந்திரத்துக்கே சுமார் 14 வாட் மின்சாரம் பிடிக்கும்; நிஜ எந்திரத்துக்கு அதைப்போலப் பல மடங்கு. மேடையில் ஆண்டை அறிவிப்பது சுலபம். என்னைக் கேட்டால், 2040 என்று சொல்லும் அரசு, ஒரு சின்னத் தொட்டி ஹைட்ரஜனை விண்ணில் ஒரு மாதம் குறையாமல் வைத்துக்காட்டும் சோதனைக்கு இப்போதே பணம் ஒதுக்கவேண்டும். இஸ்ரோ ராக்கெட் எந்திரங்களைச் சோதிக்கும் மகேந்திரகிரியில் கிரையோஜெனிக் அனுபவம் உள்ள ஆட்கள் இருக்கிறார்கள்.

தென்துருவத்து ஐஸையே பிரித்து எரிபொருளாக்கலாமே என்பார்கள். ஒரு கிலோ தண்ணீரை ஹைட்ரஜனாகவும் ஆக்சிஜனாகவும் பிரிக்கவே சுமார் 4.4 யூனிட் ஆற்றல் வேண்டும். பிறகு இரண்டையும் திரவமாக்கக் குளிர்விக்கவேண்டும். அந்த ஐஸ் கிடப்பதோ வெயிலே எட்டாத பள்ளங்களில், மைனஸ் 160 டிகிரிக்கும் கீழே, பாறை போல் இறுகி. சூரியத் தகடுகளைப் பள்ளத்தின் மேட்டு விளிம்பில் நிறுத்தி, கேபிள் இழுத்துத்தான் மின்சாரத்தைக் கீழே கொண்டுபோகவேண்டும்.